சின்ன டிராக்டர் சூடாகிறது: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?

2024 ஏப்ரல் 2, கேள்வி

அண்ணா, என்னிடம் இருப்பது 18 ஹெச்பி சின்ன டிராக்டர், மூன்று சிலிண்டர், 2006 மாடல். தென்னைக்கு இடையில் ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) ஓட்டுகிறேன். முதல் அரை மணி நேரம் ஒரு தொந்தரவும் இல்லை. முக்கால் மணி ஆனால் சூடு காட்டுகிற மீட்டர் முள் சிவப்பைத் தொடுகிறது. உடனே நிறுத்தினால் ரேடியேட்டர் மூடி வழியாகத் தண்ணீரைக் கக்குகிறது. பட்டறையில் தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வழியைத் திறக்கிற வால்வு) கழற்றி வீசச் சொல்கிறார்கள், நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லையாம். கழற்றிவிடட்டுமா?

ஏப்ரல் 2, இரவு

கழற்ற வேண்டாம் தம்பி. காரணம் நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

அதற்குள் ஒன்று. சூடான வண்டியை உடனே நிறுத்தாதீர்கள். ரோட்டவேட்டரைத் தூக்கி, பிடிஓ-வை (ரோட்டவேட்டரைச் சுற்றுகிற பின்தண்டு) விடுவித்து, நிழலில் மெதுவான வேகத்தில் நாலைந்து நிமிடம் ஓடவிடுங்கள். நிறுத்திய நொடியிலேயே தண்ணீர் பம்பும் ஃபேனும் நின்றுவிடும். ஆனால் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல் மூடி) ஏறிய சூடு எங்கேயும் போகாது. நகராமல் நிற்கிற தண்ணீர் அங்கேயே கொதிக்கும். நீங்கள் பார்க்கிற கக்கல் அதுதான். தண்ணீர் மொத்தமும் போய்விட்டது என்று தெரிந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள்.

மூடியை மட்டும் சூட்டில் திறக்கவே கூடாது. என் மச்சான் ஒரு தடவை துணியைச் சுற்றிக்கொண்டு திறந்தார். முன்கை ஆறுவதற்கு இரண்டு மாதம் ஆனது.

ஏப்ரல் 3

தெர்மோஸ்டாட் கதைக்கு வருகிறேன். நானும் கழற்றியவன். 2011-இல் இதே வகை வண்டியைப் பழசாக வாங்கினேன். இரண்டாம் வருடக் கோடையில் சூடானது, எனக்கும் இதே யோசனைதான் சொன்னார்கள். கழற்றி, வீட்டுக்கு எதிரே இருந்த திண்ணையில் வைத்தேன்.

முதல் வாரம் முள் ஏறவில்லை, சந்தோஷம். அப்புறம் காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை அடங்கவே நேரமானது. மார்கழியில் சின்ன வேலைக்கு எடுத்தால் என்ஜின் சூடு பிடிக்கவே இல்லை. இரண்டு மாதம் கழித்து ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் அளவு ஏறியிருக்கிறது, முகர்ந்தால் டீசல் வாடை. குளிர்ந்த சிலிண்டரில் எரியாமல் போன டீசல் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலந்துவிட்டது. நீர்த்துப்போன ஆயிலில் பேரிங்கும் ரிங்கும் ஓடினால் எத்தனை நாள் தாங்கும்? அடுத்த சித்திரையில் பாரம் கொடுத்தபோது சூடும் திரும்பி வந்துவிட்டது. ஆக, சூடும் போகவில்லை, தேய்மானம்தான் மிச்சம்.

தெர்மோஸ்டாட் வால்வுக்குள் ஒரு மெழுகு உருண்டை இருக்கிறது. மேலே 82 என்றோ 76.5 என்றோ டிகிரி பொறித்திருக்கும். அந்தச் சூட்டில் மெழுகு இளகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாக என்ஜினுக்குள்ளேயே சுற்றும். வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டரில் வேகமாக ஓடிவிடும், ஆறுவதற்கு நேரம் கிடைக்காது.

ஏப்ரல் 4, காலை

நேற்றுக் கடைசியில் எழுதிய வரி தப்பு. பட்டறையில் இருபது வருடமாகக் கேட்டுக்கேட்டு எனக்கும் வாயில் வந்துவிட்டது. தண்ணீர் வேகமாக ஓடினால் ஆறாது என்பது உண்மை இல்லை. வேகம் கூடினால் ரேடியேட்டர் வெளியேற்றும் சூடு குறையாது, கொஞ்சம் கூடவே செய்யும். ஒரு சுற்றில் குறைவாக ஆறினாலும் சுற்றுகளின் எண்ணிக்கை கூடிவிடுகிறதே.

சரியான காரணம் பைபாஸ். பல என்ஜின்களில் வால்வு திறக்கும்போதே அதன் கீழ்த் தட்டு பைபாஸ் வழியை அடைத்துவிடும். வால்வைக் கழற்றினால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலேயே பம்புக்குத் திரும்பிவிடும். பாரம் ஏறும்போது அந்த ஒரு பங்குதான் ஆளைக் கவிழ்க்கும். பைபாஸ் வெறும் சின்னத் துளையாக இருக்கிற என்ஜினும் உண்டு. அதில் கழற்றினால் சூடு கொஞ்சம் இறங்கும்தான். ஆனாலும் டீசல் ஆயிலில் கலக்கிற கேடு அங்கேயும் உண்டு.

சந்தேகம் இருந்தால் வால்வைச் சோதித்துப் பாருங்கள். நூலில் கட்டித் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிடுங்கள், அடியைத் தொடக்கூடாது. சமையல் தெர்மாமீட்டரைப் போட்டுச் சூடேற்றுங்கள். மேலே பொறித்த டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, அதற்கு மேல் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுதாக விரிந்தால் வால்வு நல்ல வால்வு. நான் அம்மாவின் பால் பாத்திரத்தில் செய்தேன். அந்தப் பாத்திரம் அதற்கப்புறம் சமையலறைக்குள் போகவில்லை, நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டது.

ஏப்ரல் 7

ரேடியேட்டரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதாகவும் பெரிய மாற்றம் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கமிருந்து பீய்ச்சினீர்கள்? முன்னால் நின்றுதானே?

டிராக்டர் ஃபேன் காற்றை முன்பக்கமிருந்து உள்ளே இழுக்கிறது. தென்னை நாரும் மக்காச்சோளச் சோகைத் தூசியும் முன்முகத்தில் ஒட்டி, பாதி உள்ளேயும் போய் அடைந்திருக்கும். முன்னால் நின்று அடித்தால் குப்பை இன்னும் ஆழமாகத்தான் போகும். ஃபேன் பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி அடிக்க வேண்டும். முதலில் கம்ப்ரஸர் காற்று, அப்புறம் தோட்டத்து ஹோஸ் தண்ணீர். வண்டி கழுவும் பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். மடங்கிய தகடு அடைத்த தகட்டுக்குச் சமம்.

இரவில் ஃபேன் பக்கம் டார்ச் அடித்து முன்னால் நின்று பாருங்கள். வெளிச்சம் எங்கே தெரியவில்லையோ அங்கே அடைப்பு.

எண்ணெய்க் கசிவையும் பாருங்கள். என்னுடையதில் முன் ஆயில் சீல் லேசாகக் கசிந்து, ரேடியேட்டரின் கீழ்ப்பாதியில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து களி மாதிரி அப்பிக் கிடந்தது. வெறும் காற்றுக்கு அது அசையவே இல்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றி அரை மணி ஊறவிட்டு இரண்டு தடவை கழுவினேன்.

ஏப்ரல் 8

பின்பக்கமிருந்து கழுவியதும் இருபது நிமிடம் கூடுதலாக ஓடியதாமே. நல்லது. ஆனால் வேலை முடியவில்லை. இப்போது முக்கால் மணிக்குப் பதில் ஒரு மணி, அவ்வளவுதான். வேறொன்று ஒளிந்திருக்கிறது.

ஃபேனையும் பம்பையும் சுற்றுகிற பெல்ட்டைக் கட்டைவிரலால் நடுவில் அழுத்துங்கள். ஒரு விரல் தடிமன், 10 முதல் 15 மில்லிமீட்டர் இறங்கினால் போதும். பக்கச் சுவர் கண்ணாடி மாதிரி பளபளத்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள். தேய்ந்த பெல்ட் புல்லியின் அடியில் உட்கார்ந்து வழுக்கும், சத்தம்கூட வராது.

ஏப்ரல் 13

இன்று என் வண்டியே சூடானது. உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிற நேரத்தில் இப்படி.

வாய்க்கால் ஓரத்து வயலில் மக்காச்சோளத் தட்டை மடக்கி உழுதுகொண்டிருந்தேன். முள் கொஞ்சம் ஏறியது. பிறகு தானாகவே இறங்கியது. அப்பாடா என்று இன்னொரு சால் ஓட்டினேன். திருப்பத்தில் பெயிண்ட் கருகுகிற வாடை வந்தது. இறங்கிப் பார்த்தால் மேல் ஹோஸ் கிளிப் தளர்ந்து தண்ணீர் முக்கால்வாசி போயிருக்கிறது. முள்ளோ நடுவுக்கும் கீழே நிற்கிறது!

சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் காற்றையும் ஆவியையும்தான் அது அளக்கிறது, அதனால் குறைவாகக் காட்டுகிறது. காரணமே இல்லாமல் முள் சட்டென்று விழுந்தால் அது நல்ல செய்தி இல்லை. இந்த ஒன்றைத் தயவுசெய்து உங்கள் வண்டி ஓட்டுகிற பையனுக்கும் சொல்லிவிடுங்கள்.

நிறுத்தி, ஒன்றரை மணி நேரம் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வயல்காரர் குடத்தோடு ஓடிவந்தார், ஊற்ற விடவில்லை. காய்ந்த ஹெட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும். தொட்டால் கை பொறுக்கிற சூடு வந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன்.

ஏப்ரல் 14

புத்தாண்டும் அதுவுமாகப் பட்டறை பூட்டியிருந்தது. நானே பார்த்தேன். ஆயில் குச்சியில் மோர் நிறம் இல்லை, அதாவது ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. ஆறிய பிறகு மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தேன். தண்ணீரில் இருந்த காற்று வெளியேறும்வரை ஒரு நிமிடம் குமிழி வந்தது, அப்புறம் நின்றது. விடாமல் குமிழி கிளம்பி, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது கூடினால் ஹெட்டுக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கட், போயிற்று என்று அர்த்தம். தப்பித்தேன்.

ஏப்ரல் 17

மூடியைப் பற்றி முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எல்லோரும் அதை வெறும் மூடி என்றே நினைக்கிறோம். அது ஒரு வால்வு. 0.9 என்று போட்டிருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தம் வரை உள்ளே பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118, 119 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் போன மூடியில் 100-க்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். ஒரே வண்டி, ஒரே வெயில், மூடி மட்டும் வேறு என்றால் கிட்டத்தட்ட இருபது டிகிரி இடைவெளி!

நடுவில் இன்னொரு குட்டி வால்வும் உண்டு. ஆறும்போது வெளிப் பாட்டிலில் இருந்து தண்ணீரைத் திருப்பி உறிஞ்சுவது அதன் வேலை. உங்கள் பாட்டிலில் தண்ணீர் ஏறுகிறது, ஆனால் திரும்பிப் போவதில்லை என்றால் மூடியையோ அந்தச் சின்னக் குழாயையோ சந்தேகப்படுங்கள்.

என் மூடியின் ரப்பர் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. கடையில் முதலில் கொடுத்தது கழுத்து ஆழம் குறைந்த வேறு வகை. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், திருகினால் பூட்டும், ஆனால் ஸ்பிரிங் தட்டு உள்ளே இருக்கையைத் தொடாது. பழையதை எடுத்துப்போய் பக்கத்தில் வைத்து அளந்து வாங்குங்கள்.

ஏப்ரல் 20

ரேடியேட்டரைக் கழற்றிச் சாலிடர் பார்த்தபோது ஃபேனையும் கழற்றினார்கள், மாட்டிய பிறகு சூடு கூடிவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஃபேனைத் திருப்பி மாட்டியிருப்பார்கள், காற்று எதிர்த்திசையில் போகும்.

ஏப்ரல் 20, சாயங்காலம்

எதிர்த்திசை என்று எழுதியதைத் திருத்துகிறேன். இறக்கையின் சாய்வு திருப்பினாலும் அப்படியேதான் இருக்கும், ஆக காற்று அதே பக்கம்தான் போகும். ஆனால் இறக்கையின் குழிவு தப்பான பக்கம் வந்துவிடுவதால் இழுவை நன்றாகக் குறையும். பெரும்பாலான ஃபேனில் எந்தப் பக்கம் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும் என்று குறி இருக்கும். ஃபேனைச் சுற்றிய வளையத் தகட்டையும் திரும்ப மாட்டினார்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுப்பதற்குப் பதில் பக்கவாட்டுக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

மே 5

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டது. இப்போது வண்டியைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் ஓட்டுகிற விதத்தைப் பாருங்கள்.

காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது அதே திசையில் மெதுவாக ஓட்டினால், ஃபேன் இழுக்கிற காற்றுக்கு எதிராக அது நிற்கிறது. ரோட்டவேட்டர் கிளப்புகிற புழுதியும் வண்டியோடேயே வரும். எங்கள் வயலில் மேற்கே போகும்போது முள் இறங்குவதையும் கிழக்கே திரும்பினால் ஏறுவதையும் கண்ணால் பார்க்கிறேன். முடிந்தால் காற்றுக்குக் குறுக்காக ஓட்டுங்கள்.

ஹை கியரில் என்ஜினை முக்கவிடுவதைவிட ஒரு கியர் குறைத்து, பிடிஓ-வுக்குச் சொன்ன வேகத்தில் ஓட்டுவது மேல். முக்கும்போது கரும்புகை வந்தால் அளவுக்கு மேல் டீசல் எரிகிறது, ஃபேனும் பம்பும் மெதுவாகச் சுற்றுகின்றன. இரண்டும் சேர்ந்தால் சூடாகாமல் என்ன செய்யும்? ரோட்டவேட்டர் ஆழத்தை இரண்டு விரல் குறைத்துப் பாருங்கள். ஏர் ஃபில்டரையும் தட்டிப் பாருங்கள், அடைத்த ஃபில்டரும் கரும்புகை தரும்.

மே 9

தண்ணீரைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முடியாது. உடுமலைப் பக்கம் எங்கள் போர்வெல் 800 அடி. அந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் பொருக்கு கட்டும். பத்து வருடமாக அதைத்தான் என்ஜினுக்குள் காய்ச்சிக்கொண்டிருந்தேன்! சுண்ணாம்புப் படிவு எங்கே அதிகச் சூடோ அங்கேதான் முதலில் பிடிக்கும். என்ஜினில் அது சிலிண்டரைச் சுற்றியும் ஹெட்டுக்குள்ளேயும். ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே இரும்புக்குள் இருக்கிற சூடு தண்ணீருக்கு வரத் தடுமாறும். தண்ணீர் சாதாரணச் சூட்டில் இருக்கும், ஹெட் மட்டும் வேகும். முள் இதைச் சொல்லாது.

நான் செய்தது இது. பழைய தண்ணீரை வடித்து, தெர்மோஸ்டாட்டை அந்த நேரத்துக்கு மட்டும் கழற்றினேன் (ஆமாம், இதற்குக் கழற்றலாம்). லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் சிட்ரிக் ஆசிட்டைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் மெதுவான வேகத்தில் ஓட்டினேன். வெதுவெதுப்பாக ஆறியதும் வடித்தேன். டீ நிறத்தில், மண்டியோடு வந்தது. மறுபடி ஒரு தடவை. பிறகு வெறும் தண்ணீரில் தெளிவாக வருகிறவரை நாலு முறை அலசினேன். இரவெல்லாம் உள்ளே ஊறவைக்காதீர்கள், அலுமினியப் பாகங்களையும் அது தின்னும். பாத்ரூம் ஆசிட் பக்கமே போக வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய ரேடியேட்டரில் அந்தப் படிவுதான் சில ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கும். எனக்கு அலசிய மறுநாள் கீழ்த் தொட்டியோரம் ஒரு சொட்டு ஆரம்பித்தது. ரேடியேட்டர் கடையில் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுக் குழாய்களைச் சுத்தம் செய்து, சாலிடர் வைத்துக் கொடுத்தார்கள். செலவுதான். ஆனால் வெளியே விழுந்த மண்டியைப் பார்த்தபோது வண்டி இத்தனை நாள் எப்படி ஓடியது என்று மனது கஷ்டப்பட்டது.

மே 16

இப்போது ஊற்றியிருப்பது கூலன்ட்டும் பேட்டரித் தண்ணீரும் (உப்பு நீக்கிய தண்ணீர், ஆசிட் இல்லை) சரிபாதி. நம்ம ஊரில் பனி உறையாதே, கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். துருப் பிடிக்காமல் இருக்கவும், பம்ப் சீல் காயாமல் இருக்கவும், கொதிநிலை கொஞ்சம் ஏறவும்தான்.

மாடு நாய் வைத்திருப்பவர்கள் கவனம். பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிக்கும், நக்கினால் விஷம். வடித்ததைக் களத்தில் குழி வெட்டி ஊற்றாதீர்கள், தொட்டி ஓரத்தில் சட்டியில் வைத்துவிட்டும் போகாதீர்கள்.

மே 27

தம்பி, வெப்பமானித் துப்பாக்கி வாங்கிவிட்டேன் என்று எழுதியதைப் பார்த்து மகிழ்ச்சி. பளபளக்கிற பித்தளையிலும் அலுமினியத்திலும் அது குறைத்துக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் பிடியுங்கள். ரேடியேட்டர் முகத்தில் மேலிருந்து கீழாக மெதுவாக ஓட்டுங்கள். சுற்றிலும் சூடாக இருந்து ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை.

இன்னொன்றும் செய்யுங்கள். வண்டி நன்றாகச் சூடேறியதும் ஒருவரை ஆக்ஸிலரேட்டர் கொடுக்கச் சொல்லிவிட்டு, தள்ளி நின்று, ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகிற கீழ் ஹோஸைப் பாருங்கள்.

மே 29

நினைத்தேன்! ஆக்ஸிலரேட்டர் ஏற ஏறக் கீழ் ஹோஸ் பொக்கை வாய் மாதிரி ஒட்டிக்கொண்டதா? முக்கால் மணிக் கணக்கு அங்கேதான் இருந்தது. குளிர்ந்திருக்கும்போது ரப்பர் விறைப்பாக இருக்கும். சூடேறியதும் இளகி, பம்பின் உறிஞ்சலுக்கு ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் நிற்கும். அணைத்துவிட்டுப் பார்த்தால் ஹோஸ் பழையபடி உருண்டையாக நிற்கும், யார் கண்ணிலும் படாது. உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங் துருப்பிடித்துக் கரைந்திருக்கும், வெட்டிப் பாருங்கள்.

ஏப்ரல் 17 குறிப்போடு இதைச் சேர்த்துப் படியுங்கள். மூடி அழுத்தம் பிடித்தால் அந்த அழுத்தமே ஹோஸை உள்ளிருந்து தாங்கும். ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருந்தால் உறிஞ்சல் கூடும். ஆக ஹோஸோடு மூடியையும் மாற்றுங்கள், ரேடியேட்டரையும் ஒரு தடவை அலசிவிடுங்கள். ஹோஸ் மட்டும் மாற்றினால் அடுத்த சித்திரையில் இதே கேள்வியோடு வருவீர்கள்.

ஜூன் 8

மூன்று மணி நேரம் ஒரே மூச்சாக ஓட்டியும் முள் நடுவைத் தாண்டவில்லை என்று படித்தேன். வால்வைக் கழற்றாமல்! அம்மாவிடம் படித்துக் காட்டினேன், பாத்திரம் போனது வீண் போகவில்லை என்றார்.

புது ஹோஸ் ஒரு வாரச் சூட்டில் அமுங்கும். கிளிப்பை மறுபடி அரைத் திருகு இறுக்குங்கள். எனக்கு ஏப்ரல் 13-இல் தளர்ந்தது அப்படி இறுக்காமல் விட்ட கிளிப்தான்.